இராயப்பு கடைக்கு மூன்றாம் மாடி இல்லை

ஊர்காவற்றுறை
12.01.2025

என் அன்பு அண்ணாவுக்கு,

பாரிஸ் குளிருக்குள் நீங்களும் கிறேஸ் அண்ணியும் என் மருமகள் ஜெனீற்றாவும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அந்தோனியாரிடம் சொல்லிவிட்டு எழுதத் தொடங்குகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, மாரி மழைக்குக் குசினி ஒழுகுவதைத் தவிர.

போனில் கதைத்தால் என்ன நடக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சுகம் விசாரித்து முடிய முதலே நீங்கள் கத்துவீர்கள், நான் போனை வைப்பேன், பிறகு அண்ணி நடுவில் நின்று சமாதானம் பேசவேண்டும். "கடிதமா எழுதுங்கோ ரெண்டு பேரும். எழுத்திலை கத்த ஏலாது" என்று போன கிழமை அண்ணி சொன்னா. அவவின் சொல்லைக் கேட்டு மின்னஞ்சலில் அனுப்புகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் சந்தோசமான, புழுகமான செய்தி. எங்கள் துறைமுகத் தெருவுக்கு ஒரு வடிவமைப்பு வழிகாட்டி எழுதும் வேலையைப் பிரதேச சபை என்னிடம் தந்திருக்கிறது. காரைநகரில் இருந்து சனத்தை ஏற்றிவருகிற பாதை, அந்த மிதவைப் படகு, வந்து கட்டும் துறையடி தொடங்கிச் சந்தி வரைக்கும், இரண்டு பக்கமும் நிற்கிற பழைய கடைகளை எப்படித் திருத்தலாம், இடிந்த இடத்தில் கட்டுகிறவர் என்ன உயரத்தில் கட்டலாம், என்ன கூரை போடலாம், பெயர்ப்பலகையை எங்கே மாட்டலாம் என்பதெல்லாம் அதில் வரும். இத்தனை வருடமும் மதகும் வாய்க்காலும் கீறிக்கொண்டிருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் நிமலினி ஒரு தெருவையே கீறப்போகிறாள். சும்மா சொல்லக்கூடாது அண்ணா, தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

ஒரு கிழமையாக அளவுநாடாவும் கையுமாகத் தெருவில் நின்றேன். பஸ்ரியாம்பிள்ளை அண்ணையின் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் "பிள்ளை தெருவை விக்கப்போகுதோ?" என்று பகிடி விட்டார்கள். விடட்டும். நான் கண்டதைக் கேளுங்கள். ஒவ்வொரு கடைக்கும் முன்னால் தூண் வைத்த விறாந்தை இருக்கிறது அல்லவா, அந்த விறாந்தைகளின் நிலமட்டம் ஒரு கடையில் இருந்து அடுத்த கடைக்கு ஒரு விரற்கடைகூட மாறவில்லை. கூரைத் தாழ்வாரமும் அப்படித்தான். ஒருவர் கத்தோலிக்கர், அடுத்தவர் கரம்பொன் சைவர், அதற்கடுத்தது காரைநகர் முதலாளி. அவர்களுக்குச் சட்டம் போட அப்போது ஒருவரும் இல்லை. பக்கத்துக் கடைக்காரன் எந்த மட்டத்தில் போட்டானோ அதே மட்டத்தில் தானும் போட்டிருக்கிறான். அதனால் துறையில் இறங்குகிற ஆள் வெயிலும் படாமல் மழையும் படாமல் சந்தி மட்டுக்கும் நடந்து போகலாமாம். எங்கள் தீவில் இப்படியொரு தெரு என்று நினைக்க எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அந்த நடை இப்போது நாலு இடத்தில் அறுந்து கிடக்கிறது. மூன்று இடம் குண்டு விழுந்து இடிந்தது. அதில் ஒன்று அப்பாவின் வலைக்கடை, மற்ற இரண்டும் அதற்கு அப்பால், சந்திப் பக்கம். நாலாவது, இடியாமலே கெட்டது. போன்கடை ஜெனோசன் தன் விறாந்தையை அடைத்து, முன்பக்கம் முழுக்க அலுமினியத் தகடு அடித்து வைத்திருக்கிறான். பத்துமணி வெயிலுக்கு அந்தப் பக்கம் பார்க்கக் கண் கூசும்.

வரைவை இதோடு அனுப்புகிறேன். உங்களுக்கு ஞாபகம் உள்ளதை எல்லாம் எழுதுங்கள். அப்பாவோடு கடையில் நின்றவர் நீங்கள். நான் அப்போது இனிப்பு வாங்கித் தரச்சொல்லி அழுதுகொண்டு நின்ற சின்னப்பிள்ளை.

நத்தார்ப் பெருநாளுக்குக் கதைக்கும்போது கடைக்காணியில் ஏதோ கட்டப்போவதாகச் சொன்னீர்கள். என்ன என்று விவரமாக எழுதுங்கள். வீடு எனக்குச் சீதனமாக வந்தது, கடைக்காணி உங்களுக்கு. உரிமை உங்களுடையது, ஆவல் என்னுடையது.

உங்கள் அன்புத் தங்கச்சி,
நிமலினி

*

பாரிஸ்
02.02.2025

என் ஆசைத் தங்கச்சி நிமலினிக்கு அண்ணன் எழுதுவது,

உன் கடிதத்தை ஜெனீற்றா பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தந்தாள். நான் கையால் எழுதிக் கொடுக்க, அவள் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். கோழி கிண்டின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். உன் அண்ணி சுகம். எனக்கு முழங்கால் மட்டும் சொல்வழி கேட்கிறதில்லை.

அடியே, நீ பெரிய ஆள்தான். ஞாயிறு பூசை முடிய லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்குப் போய், தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரையும் மறித்து வைத்து, "ஊறாத்துறைத் தெருவுக்கு என்ர தங்கச்சிதான் சட்டம் எழுதுறாள்" என்று சொன்னேன். மரக்கறி வாங்கப் போன ஆள் பொழுதுபடத்தான் வீட்டுக்கு வந்தேன். அண்ணியிடம் வாங்கிக் கட்டினது வேறு கதை.

ஆனால் உன் வரைவில், கதவுக்கும் யன்னலுக்கும் "கபில நிறம் மட்டும்" என்று எழுதியிருக்கிறாயே, எந்த விசரன் உனக்குச் சொன்னது? எங்கள் தெருவில் கபிலக் கதவு ஒன்றை நான் கண்டதில்லை. அங்கே கடை வைத்திருந்த எல்லாரிடமும் ஒரு வள்ளமோ வத்தையோ இருந்தது, அல்லது ஒன்றில் பங்காவது இருந்தது. பெருநாளுக்கு முன்னம் வள்ளத்தைக் கரையில் ஏற்றிப் பெயின்ற் அடிப்பார்கள். மிஞ்சின பெயின்ற்றை வீணாக்குகிற ஆட்களா நாங்கள்? அடுத்த நாள் அது கடைக்கதவில் இருக்கும். அப்பாவின் வள்ளம் பச்சை, கதவும் பச்சை. பஸ்ரியாம்பிள்ளை அண்ணை வீட்டு வள்ளம் நீலம், தேத்தண்ணிக் கடையும் நீலம். கடலில் வள்ளத்தைக் கண்டு இன்ன கடைக்காரன் வருகிறான் என்போம். தெருவில் கதவைக் கண்டு இது இன்ன வள்ளக்காரன் கடை என்போம். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆளும் சரியான கடைக்குப் போய்ச் சேருவார். கபிலமாம் கபிலம். அது சவப்பெட்டிக்கு அடிக்கிற நிறம்.

இனி என் செய்தியைக் கேள். உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், திடீரென்று பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று. யாழ்ப்பாணத்தில் ஒரு பொறியியலாளரைக் கொண்டு பிளான் கீறுவித்துச் சபையிலும் கொடுத்தாயிற்று. "இராயப்பு ஞாபகார்த்த மாளிகை." மூன்று மாடி. கீழே கடைகள், நடுவில் மண்டபம், மேலே ஊருக்கு வருகிறவர்கள் தங்க அறைகள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. தெருக்கரை மட்டுக்கும் கொண்டுவந்து கட்டுகிறோம், ஓர் அடி நிலமும் வீணில்லை. உச்சியில் அப்பாவின் பெயர் ஆள் உயர எழுத்தில், பின்னால் விளக்கு. காரைநகரில் பாதை ஏறுகிறவனுக்கே அது தெரியவேண்டும்.

ஊரூராய் எத்தனை வளைவு, எத்தனை பஸ் தரிப்பிடம், எத்தனை மண்டபம் வெளிநாட்டுக்காரர் தங்கள் தாய் தகப்பன் பெயரில் கட்டிவிட்டார்கள். எங்கள் அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. முப்பது வருடமாக இங்கே றெஸ்ரோறன்ற் குசினியில் வெந்தது இந்த ஒரு நினைப்போடுதான்.

உன் சட்டத்தை மற்றவர்களுக்கு வடிவாக எழுது. எங்கள் கட்டடம் எழும்பினதும் நாடாவை நீதான் வெட்டவேண்டும். இப்போதே சாறி பார்த்து வை.

உன் அண்ணன்,
சில்வெஸ்ரர்

*

ஊர்காவற்றுறை
16.02.2025

அன்பு அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் சிரித்துக்கொண்டு வாசித்தேன். பிறகு அழுதுகொண்டு வாசித்தேன். முழங்காலுக்கு நல்லெண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொல்லி அண்ணிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

முதலில் கதவு. கபிலம் என்று எழுதின விசரி நான்தான். தெற்கில் ஒரு பழைய நகரத்துக்கு எழுதின வழிகாட்டியைப் பார்த்து அப்படியே போட்டுவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்றே கிணற்றடிக்குப் போனேன். நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அப்பாவின் கடைக்கதவில் மிஞ்சின பலகை ஒன்றை எடுத்து வந்து, உடுப்புத் தோய்க்கப் போட்டிருந்தோம். அதைத் திருப்பிப் பிளேட்டால் சுரண்டினேன். பச்சை. அதற்குக் கீழும் பச்சை. அதற்குக் கீழேயும் பச்சை. ஒவ்வொரு பெருநாளும் அப்பா அடித்த தட்டு. பலகையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருந்துவிட்டேன். பஸ்ரியாம்பிள்ளை அண்ணையிடம் கேட்டால், "இது தெரியாமலோ பிள்ளை தெருவை அளந்தனீர்?" என்று வாய்விட்டுச் சிரிக்கிறார்.

கபிலத்தை வெட்டிவிட்டேன். "கதவின் நிறம் அந்தக் குடும்பத்து வள்ளத்தின் நிறம். வள்ளம் இல்லாதவர் பக்கத்துக் கடையில் இல்லாத ஒரு நிறத்தைத் தெரிந்தெடுக்கலாம்" என்பது புது விதி. சபையில் வாசித்தபோது செயலாளரே மேசையில் தட்டினார். இது பாரிஸில் இருக்கிற என் அண்ணன் தந்த விதி என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா அண்ணா?

இப்போது மனம் நோகிற பகுதி. உங்கள் பிளான் என் மேசைக்கு வந்திருக்கிறது. அது சரிவராது.

எங்கள் தெருவில் ஒருவரும் ஒரு மேல்மாடிக்கு மேலே போனதில்லை. அதையாவது கதைத்துப் பேசலாம். தெருக்கரை மட்டுக்கும் கொண்டுவந்து கட்டுகிறோம் என்கிறீர்களே, அதுதான் என்னால் ஏலாது. எங்கள் காணி நட்டநடுவில் இருக்கிறது. அதில் விறாந்தை இல்லாமல் போனால், துறையில் இருந்து வருகிற நடை அங்கேயே முடிந்துபோகும். இடிந்ததைத் திரும்பக் கட்டலாம். மூன்று மாடிக் கொங்கிறீற்றைப் பிறகு ஆர் தள்ளி வைக்கிறது? பெயர்ப்பலகையும் தாழ்வாரத்துக்குக் கீழே, இரண்டு அடி உயரத்துக்குள் வரவேண்டும் என்றுதான் எல்லாருக்கும் எழுதியிருக்கிறேன்.

பாரிஸில் வீடு வாங்கினபோது, பிளாஸ்ரிக் யன்னல் போட நகரசபை விடவில்லை, மரத்தில்தான் போடவேண்டுமாம் என்று என்ன திட்டுத் திட்டினீர்கள். கடைசியில் மரத்திலேயே போட்டீர்கள். இப்போது அந்த யன்னலுக்கு முன்னால் நின்று எடுத்த படத்தைத்தான் எல்லாருக்கும் அனுப்புகிறீர்கள். எங்கள் தெரு என்ன குறைச்சலா?

செயலாளர் தன்மையாகத்தான் கேட்டார். "பிள்ளை, உம்மட அண்ணையின்ர அலுவல். நீர் விலத்தி நில்லும், வேற ஆள் பாக்கட்டும்." அதுதான் முறை என்று நானும் யோசித்தேன். ஆனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நிமலினி மிஸ்ஸின் அண்ணன் என்று கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுவார்கள். அடுத்த நாள் என் வழிகாட்டி கச்சான் கடலை சுற்றுகிற கடதாசி. அதனால் நானே பார்த்து, நானே பதில் சொல்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் தெருக்காரரைக் கூப்பிடுகிற கூட்டத்துக்கு முன்னம் நீங்களாகவே பிளானைத் திருப்பி எடுங்கள் அண்ணா. ஒரு மேல்மாடியோடு, விறாந்தையும் ஓட்டுக்கூரையுமாகத் திரும்பக் கீறட்டும். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உங்கள் தங்கச்சி,
நிமலினி

*

பாரிஸ்
02.03.2025

நிமலினிக்கு,

எழுத்தில் கத்த ஏலாது என்று உன் அண்ணி சொன்னது பிழை. இதை நான் கத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பிளானைத் திருப்பி எடுக்கமாட்டேன். பாரிஸ் யன்னலை இதற்குள் இழுக்காதே. அது அவனுடைய ஊர், அவனுடைய சட்டம். வந்தேறின நான் தலையைக் குனிந்தேன். நான் பிறந்த தெருவிலும் குனியச் சொல்கிறாயா? அதுவும் என் தங்கச்சிக்கு முன்னாலா?

அப்பாவை மடுவில் அகதி முகாமில் அடக்கம் பண்ணினபோது நீ பக்கத்தில் நின்றாய். நான் இங்கே விசா இல்லாமல் ஓர் அறைக்குள் ஏழு பேரோடு கிடந்தேன். ஒரு பிடி மண் போட எனக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சேமக்காலையில் அவருக்கு ஒரு கல்லும் வைக்க ஏலாமல் போனது என்று பிறகு நீதான் குண்டு குண்டு எழுத்தில் எழுதினாய். அன்றைக்கு நினைத்தது இது. பெயரில்லாமல் மண்ணுக்குள் போன மனிசனின் பெயரைக் கடலில் நின்றாலும் தெரிகிற உயரத்தில் வைப்பேன் என்று. நீ அதை இரண்டு அடிப் பலகைக்குள் அடக்கச் சொல்கிறாய். என்ன மனம் உனக்கு?

சபைச் செயலாளரோடு கதைத்தேன். "தங்கச்சி கையெழுத்து வைச்சால் எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார். அப்படியென்றால் எல்லாம் உன் கையில். வைத்தால் நீ என் தங்கச்சி. வைக்காவிட்டால் எனக்கு இனி எழுதவேண்டாம். நானும் எழுதமாட்டேன்.

சில்வெஸ்ரர்

*

ஊர்காவற்றுறை
23.03.2025

அன்பு அண்ணாவுக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். சபையின் கடிதம் பதிவுத் தபாலில் வரும். அதற்கு முன்னம் என்னிடம் இருந்தே கேளுங்கள். உங்கள் பிளானை நிராகரித்து நான் கையெழுத்து வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை தெருக்காரர் எல்லாரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டு வழிகாட்டியை விளங்கப்படுத்தினோம். கதவு நிறம் வந்த இடத்தில் ஒரே சிரிப்பும் கலகலப்பும். ஆரின் வள்ளம் என்ன நிறம் என்று கிழவர்கள் சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு முன்பக்கத் தகடு, கண்ணாடி பற்றிச் சொன்னேன். ஜெனோசன் எழும்பினான்.

"மிஸ், என்ர தகட்டைக் கழட்டச் சொல்லுறியள். சரி. உங்கட அண்ணையின்ர மூண்டு மாடிக்கு என்ன முடிவு? அதை முதல் சொல்லிப்போட்டு என்னட்டை வாங்கோ."

எல்லாருடைய மனத்திலும் இருந்த கேள்விதான். பிளான் கொடுத்த நாள் தொடங்கி ஊரில் அதுதானே கதை.

பையில் இருந்த கடிதத்தை எடுத்து வாசித்தேன். "திரு. இராயப்பு சில்வெஸ்ரர் அவர்கட்கு" என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப முதலில் இருந்து வாசித்தேன். உயரம், விறாந்தை, பெயர்ப்பலகை என்று ஒவ்வொரு காரணமாக வாசித்து, கடைசியில் என் பெயரையும் பதவியையும் வாசித்தேன். பஸ்ரியாம்பிள்ளை அண்ணை "இராயப்பு இருந்திருந்தால்..." என்று தொடங்கிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்துவிட்டார். ஜெனோசன் தன் கதிரையில் மெல்ல இருந்தான்.

வீட்டுக்கு வந்து வடிவாக அழுதேன். ஆனால் பொய் சொல்லமாட்டேன் அண்ணா, எனக்கு வெட்கமாக இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நேரான வேலை இதுதான் என்று நினைக்கிறேன். அதை உங்கள் மேலா செய்யவேண்டி வந்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

என்ன மனம் என்று கேட்டீர்கள். அப்பாவை இறக்கின அந்தக் கிடங்கடியில் நான் முதல் ஒரு பிடி மண் போட்டேன். பிறகு "இது அண்ணாவுக்கு" என்று இன்னொரு பிடி போட்டேன். அம்மாதான் போடச் சொன்னா. இத்தனை வருடம் உங்களுக்கு இதைச் சொன்னதில்லை, நீங்கள் அழுவீர்கள் என்று. அதே மனம்தான் இப்போதும். அப்பாவுக்கு எவ்வளவும் செய்யுங்கள். அவர் காலையும் பின்னேரமும் நடந்த விறாந்தையை மறித்துவிட்டுச் செய்யவேண்டாம்.

கோபத்தை வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. கையெழுத்தை நான் திருப்பி எடுக்கமாட்டேன்.

எப்போதும் உங்கள் தங்கச்சி,
நிமலினி

*

ஊர்காவற்றுறை
22.04.2025

அன்பு அண்ணாவுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உங்கள் வீட்டுக்குச் சமாதானம் கொண்டுவரட்டும். எனக்கும் கொஞ்சம் மிச்சம் விடட்டும். ஜெனீற்றா வாழ்த்து அனுப்பியிருந்தாள். உங்கள் பெயரை அதில் தேடினேன்.

ஜெனோசன் தகட்டைக் கழற்றிவிட்டான். ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. பெரிய வியாழனுக்கு முதல்நாள் தானாகவே இரண்டு மேசன்மாரைக் கூட்டிவந்து கழற்றினான். பின்னால் தூண்கள் அப்படியே நிற்கின்றன, சுண்ணாம்புச் சாந்துகூட உதிரவில்லை. அவனே தூணைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், இது என்ர கடையே?" என்று கேட்டான். பஸ்ரியாம்பிள்ளை அண்ணை கதவுக்கு நீலம் அடித்துவிட்டார். இப்போது எங்கள் தெருவை யாழ்ப்பாணத்தில் இருந்து பிள்ளைகள் படம் எடுக்க வருகிறார்கள்.

துறையடியில் இறங்கி விறாந்தையாலேயே நடந்து பார்த்தேன். எங்கள் காணி மட்டுக்கும் வரலாம். அங்கே வெயிலுக்குள் இறங்கவேண்டும்.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

நிமலினி

*

பாரிஸ்
25.05.2025

என் தங்கச்சி நிமலினிக்கு,

உன் இரண்டு கடிதத்தையும் வாசித்தேன். அந்த இரண்டாவது பிடி மண்ணைப் பற்றி எழுதினதை அடுத்தவருக்கு முன்னால் வாசிக்க ஏலாமல், குளியலறைக்குள் கொண்டுபோய் வாசித்தேன். ஆனாலும் கோபம் போகவில்லை. அதை மறைத்து என்ன பயன்?

இரண்டு கிழமைக்கு முன்னம், ஒரு ஞாயிறு, இங்கே எங்கள் ஊர் ஒன்றியத்தின் கூட்டம். நான் என்ன எண்ணத்தோடு போனேன் என்று கேள். உன் வழிகாட்டியை நிற்பாட்டச் சொல்லிச் சபைக்கு ஒரு மனு. செயலாளர் றஜீபனைப் பிடித்து நானே இருந்து எழுதுவித்தேன். ஊர்ச்சனம் எல்லாம் கையெழுத்து வைத்து அனுப்பினால் உன் வாய் அடங்கும் என்று நினைத்தேன்.

றஜீபன் வாசித்து முடிய, பின்வரிசையில் இருந்து ஆரூரன் எழும்பினான். வேலணை ஆள், இங்கே இரண்டு கடை ஓடுகிறது, எங்கள் தெருவிலும் ஒரு காணி வாங்கி விட்டிருக்கிறான்.

"சில்வெஸ்ரர் அண்ணை, இதுக்கேன் மனு? அங்கை ஒப்பீசர்மார் ஏன் மறிக்கிறவை எண்டு தெரியாதே? காசோடை ஒரு கவரைக் குடுத்திருந்தால் நாலு மாடிக்கும் கையெழுத்து விழுந்திருக்கும். சொந்த அண்ணன் எண்டபடியால் தங்கச்சி கேக்க வெக்கப்பட்டிருப்பா" என்றான். சனம் சிரித்தது.

நிமலினி, அந்த நேரம் எனக்குள் என்ன நடந்தது என்று தெரியாது. என் கதிரை பின்னால் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

"ஆரைப் பாத்தடா கவர் எண்டனி? என்ர பிளானையே திருப்பினவளடா அவள்! கூடப்பிறந்த அண்ணன்ர பிளானை, ஊர்ச்சனத்துக்கு முன்னாலை எழும்பி நிண்டு வாசிச்சுத் திருப்பினவள்! என்ர கோவத்துக்கு மடங்காதவள் உன்ர கவருக்கு மடங்குவாளோ? இந்த மண்டபத்திலை இருக்கிற ஒருத்தனாலும் அவளை வாங்க ஏலாது. என்னாலையே ஏலேல்லை!"

கத்தி முடிந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். மனுவைக் கொண்டுவந்தவனும் நான், எழும்பி நின்று கத்துகிறவனும் நான். பாவம் றஜீபன், பேனையைத் திறந்தபடி, "அப்ப அண்ணை, இதிலை கையெழுத்து வாங்கிறதோ விடுறதோ?" என்று கேட்டான். வாங்கிக் கிழித்தேன். எனக்குப் பின்னால் இருந்த ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார், "இராயப்புவின்ர மகளெல்லே. அப்பிடித்தான் இருக்கும்" என்று.

தேத்தண்ணி குடிக்கும்போது ஆரூரன் வந்து மன்னிப்புக் கேட்டான். அதோடு நில்லாமல், தன் காணிக்கும் அந்த வழிகாட்டியை ஒருக்கால் எடுத்துத் தரச்சொல்லியும் கேட்டான். ஆளைப் பார்.

மெத்ரோ ரெயினில் உன் அண்ணியோடு வீட்டுக்கு வந்தேன். இறங்குகிற இடத்தில் அவ, "இவ்வளவு பெருமையை வைச்சுக்கொண்டோ அவளுக்கு எழுதாமல் இருந்தனீங்கள்?" என்று கேட்டா. ஓமடி, பெருமைதான். அப்பாவின் பெயரை ஆள் உயர எழுத்தில் வைக்க இத்தனை வருடம் கனவு கண்டேன். அந்தக் கிழவர் சொன்னதைவிட உயரத்தில் அதை நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறது?

புதுப் பிளான் கீறுவித்துவிட்டேன். ஒரு மேல்மாடி, ஓட்டுக்கூரை. விறாந்தை பக்கத்துக் கடையின் மட்டத்திலேயே வருகிறது. மட்டம் எவ்வளவு என்று பஸ்ரியாம்பிள்ளை அண்ணைக்குப் போன் எடுத்துத்தான் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பை உனக்கு எழுதமாட்டேன். பெயர்ப்பலகை தாழ்வாரத்துக்குக் கீழே, நீ விட்ட அளவுக்குள். ஜெனீற்றா எழுதிப் பார்த்தாள். "இராயப்பு" என்று வடிவாக அடங்குகிறது, மாளிகையும் வேண்டாம் ஞாபகார்த்தமும் வேண்டாம்.

உனக்குத் தனியாக ஒரு பிரதியும் அனுப்பவில்லை, தேடாதே. பதிவுத் தபாலில் முறைப்படி சபைக்கு வரும். மற்றவர்களுடைய பிளான்களோடு வரிசையில் வைத்துப் பார். அண்ணன் என்று ஒரு விரற்கடையும் விட்டுக்கொடுக்கவேண்டாம். பிழை இருந்தால் திருப்பி அனுப்பு. அனுப்புவதற்கு முன், போன முறை போலவே எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்று, என் முழுப்பெயரையும் சொல்லி, வடிவாகச் சத்தம் போட்டு வாசி.

உன் அண்ணன்,
இராயப்பு சில்வெஸ்ரர்